ஜானி கேஷ், ஜூன் கார்ட்டர்: யாருக்கு யார் பின்பாட்டு?

கேள்வி, 4 ஜனவரி

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் நெடுங்காலம் சேர்ந்து பாடிய தம்பதி என்றால் எல்லாரும் ஜானி கேஷ், ஜூன் கார்ட்டர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரிய பாட்டெல்லாம் ஜானி தனியாகப் பாடியது. அந்த அம்மா பக்கத்தில் நின்று கோரஸ் கொடுத்ததற்கு ஜோடி என்று பெயரா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

4 ஜனவரி, இரவு 10.50

கோரஸா? முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்.

ஜூன் பிறந்தது 1929 ஜூன் 23, வர்ஜீனியாவில் மேசஸ் ஸ்பிரிங் என்ற மலையோரக் கிராமம். அம்மா மேபெல் கார்ட்டர். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரத்துக்கு ரால்ஃப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கியபோது, ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, மேபெல் மூன்று பேரும் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். கன்ட்ரி இசையின் பிள்ளையார் சுழி அது என்பார்கள். மேபெல் அப்போது நிறைமாதம், வயிற்றில் இருந்தது மூத்தவள் ஹெலன். அடுத்துப் பிறந்தவர் ஜூன். பத்து வயதில் ரேடியோவில் பாடியாயிற்று.

ஜானி? 1955-ல் மெம்ஃபிஸ் நகரத்து சன் இசைத்தட்டுக் கம்பெனியில் முதல் பாட்டு பதிவாகும்வரை வீடு வீடாகப் போய் சாமான் விற்றுக்கொண்டிருந்தவர். சிறு வயதில் ஆர்கன்சாவில் டயஸ் என்ற ஊரில் பருத்திக் காட்டில் வேலை. வீட்டு ரேடியோவில் அவர் கேட்டு வளர்ந்த குரல்களில் கார்ட்டர் குடும்பமும் ஒன்று. அதாவது பின்னாளில் அவர் பக்கத்தில் நின்றது, அவர் ரேடியோவில் கேட்ட குடும்பத்துப் பெண்.

எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்டால், நான் ஆர்க்கெஸ்ட்ராவில் 22 வருடம் பாடியவள். பதினாலு வயதில் மேடை ஏறினேன். என் வீட்டுக்காரர் எங்கள் குழுவுக்கு கிட்டார் வாசிக்க வந்தபோது எனக்கு அது ஐந்தாவது சீசன். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த நோட்டீஸில் அவர் பெயர் பெரிய எழுத்தில், என் பெயர் "மற்றும்" என்பதற்குப் பின்னால். அச்சகத்தில் கேட்டால் "இடம் பத்தலைக்கா" என்றார்கள்.

5 ஜனவரி, காலை

இன்னொன்றும் சொல்ல விட்டுவிட்டேன். ஜானி கல்யாணத்துக்குக் கேட்டதே மேடையில்தான். 1968 பிப்ரவரி 22, லண்டன். பாதி நிகழ்ச்சியில் நிறுத்திவிட்டு, மைக்கிலேயே, ஆயிரக்கணக்கான பேர் முன்னால் கேட்டார். இதற்குமுன் தனியாகப் பலமுறை கேட்டு இந்த அம்மா மறுத்திருக்கிறார். கூட்டத்தின் முன் எப்படி மறுப்பது? இது காதலா, மடக்குதலா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

5 ஜனவரி, மதியம்

லண்டன் என்றதும் ஒருவர் "இங்கிலாந்தில் எந்த அரங்கம்?" என்று கேட்டிருக்கிறார். தப்பு என்னுடையது. இது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன். அந்த ஊர்க்காரர் சால் ஹோலிஃப்தான் ஜானிக்கு மேனேஜர். ஜூனை ஜானியின் கச்சேரிக் குழுவுக்குள் கொண்டுவந்ததும் அவரே. நம் ஊர் மேனேஜர்கள் சொந்த ஊர்த் திருவிழாவுக்கு எப்படியாவது ஒரு கச்சேரி பிடித்துவிடுவார்களே, அப்படி.

5 ஜனவரி, இரவு 11.30

"சேர்ந்து பாடியது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, ஜாக்சன் பாட்டுக்கு வருவோம். ஜோடி என்பது அங்கேதான் புரியும்.

பில்லி எட் வீலர், ஜெர்ரி லீபர் எழுதியது. இவர்கள் 1967-ல் பாடி வெளியிட்டார்கள், கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை போனது. பாட்டில் என்ன நடக்கிறது? கணவன் சவடால் விடுகிறான்: நான் ஜாக்சன் ஊருக்குப் போகப் போகிறேன், அங்கே என்னென்ன ஆட்டம் போடுகிறேன் பார் என்று. மனைவி அழுதிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். அவள் "போயேன், ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்" என்கிறாள். கல்யாணச் சூடு ஆறிப்போன இருவர் பண்ணுகிற சண்டை.

இப்போது தேதியைப் பாருங்கள். இதைப் பதிவு செய்தபோது இவர்களுக்குள் கல்யாணமே ஆகவில்லை. கல்யாணம் ஆகாத இருவர், ஆகிச் சலித்த இருவராக நடித்தார்கள். 1968 ஜனவரி 13-ல் கலிஃபோர்னியா ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் ஜானி பாடினாரே, அதே ஆல்பத்தில் ஜூனோடு இந்தப் பாட்டும் இருக்கிறது. அன்று இரண்டு கச்சேரி, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பிப்ரவரி 29-ல் இந்தப் பாட்டுக்கு கிராமி விருது. மறுநாள் மார்ச் 1, கென்டக்கியில் ஃபிராங்க்ளின் என்ற ஊரில் கல்யாணம். கேட்டதற்கும் தாலி, மன்னிக்கவும், மோதிரம் ஏறியதற்கும் நடுவில் எட்டே நாள்.

சிறைப் பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஜூன் குரலில் இனிமைக்கு வேலையே வைக்கவில்லை. தொண்டையை இறுக்கிக் கரகரக்க விடுகிறார். மேடையில் பெண் குரல் என்றால் தேன் ஒழுக வேண்டும் என்று நினைக்கிற எங்களுக்கெல்லாம் அது வராது, வெட்கமாக இருக்கும். ஜானியின் குரல் கீழே கட்டைக் குரல், அசையாது. அதன் மேல் இவர் கீறிக்கொண்டு போகிறார். அசையாத ஆளை அசைக்கப் பார்ப்பதில்தான் சிரிப்பே வருகிறது.

வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர் உண்டே. எல்லாரும் ஜூனை அந்த இடத்தில் உட்காரவைக்கிறார்கள். இவர் "ஆமா" போடவில்லை. "அப்படியா? எங்கே செய், பார்ப்போம்" என்று போட்டார்.

6 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "எங்களுக்கெல்லாம் வராது" என்று பொதுவாக எழுதிவிட்டேன். எனக்கு வராது, அவ்வளவுதான். எங்கள் குழுவில் இன்னொரு பெண் பாடினாள், அவள் குத்துப்பாட்டு எடுத்தால் ஸ்பீக்கர் கட்டுகிற பையனே வேலையை விட்டு நிற்பான்.

8 ஜனவரி

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மேபெலுக்கு மூன்று பெண்கள்: ஹெலன், ஜூன், அனிட்டா. மூவரில் அனிட்டா குரலுக்கு ஈடு கிடையாது. ஜூனுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் அவர் கோமாளி வேடம் எடுத்துக்கொண்டார். ஆன்ட் பாலி என்று ஒரு பட்டிக்காட்டுப் பாத்திரம், கோணல் தொப்பி, கத்தல், விழுந்து எழுதல். 1949-ல் ஹோமர், ஜெத்ரோ என்ற இரண்டு நகைச்சுவைக்காரர்களோடு ஒரு பிரபலப் பாட்டைக் கிண்டலாகப் பாடி வரிசையில் ஏறியவர். 1950-ல் அம்மாவும் பெண்களுமாக நாஷ்வில் நகரத்தில் கிராண்ட் ஓலே ஆப்ரி என்ற ரேடியோ நிகழ்ச்சி மேடைக்கு வந்தார்கள். கூட கிட்டார் வாசித்தவர் செட் அட்கின்ஸ். அப்புறம் நியூயார்க் போய் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் நடிப்புப் படித்தார்.

குரல் மூன்றாம் இடத்தில் இருக்கும் பெண் மேடையில் தன் இடத்தை எப்படிப் பிடிக்கிறாள் என்பது எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி. ஒரு கோயில் கொடையில், 1998 என்று நினைக்கிறேன், ஜோடிப் பாட்டு நடுவில் என் வீட்டுக்காரர் மைக் செத்துவிட்டது. ஆள் வாயை அசைக்கிறார், சத்தம் இல்லை. நான் பாட்டை நிறுத்தாமல், "பாருங்க, வீட்லயும் இவர் இப்படித்தான், வாய் மட்டும் அசையும், காசு வராது" என்றேன். கொட்டகையே சிரித்தது. அன்று வந்த கைதட்டல் ஒழுங்காகப் பாடிய எந்த இரவிலும் வந்ததில்லை. பேசிய தொகையில் பாதியைக் கமிட்டி கொடுக்காமலே அனுப்பியது வேறு கதை.

9 ஜனவரி

ரேடியோ என்றேனே, அதையும் எழுதிவிடுகிறேன். ஆட்டு வைத்தியர் சமாச்சாரம்.

கார்ட்டர் குடும்பம் 1938 முதல் பாடியது எக்ஸ்ஈஆர்ஏ என்ற நிலையத்தில். அது அமெரிக்காவில் இல்லை. டெக்சஸ் டெல் ரியோவுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோ மண்ணில். நடத்தியவர் ஜான் பிரிங்க்லி என்ற ஆசாமி. ஆண்களுக்கு வீரியம் வரும் என்று ஆட்டுக் கிடாயின் விதையை அறுவை செய்து பொருத்திப் பணம் பண்ணியவர். அமெரிக்காவில் உரிமத்தைப் பறித்ததும் எல்லை தாண்டிப் போய், அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததைவிடப் பலமடங்கு சக்தியுள்ள கோபுரத்தை நட்டார். மருந்து விளம்பரங்களுக்கு நடுவில்தான் சின்ன ஜூன் பாடினார். பல மாகாணங்கள் தாண்டிப் பருத்திக் காட்டுப் பையனின் காதுவரை போனதற்கு அந்தக் கோபுரம்தான் காரணம். ஆட்டுக்கு நன்றி.

9 ஜனவரி, சற்றுப் பின்

இதே நிலையத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கேள்வி தம்பதிகளைப் பற்றித்தானே. ஏ. பி. கார்ட்டரும் சாராவும் 1930-களின் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டார்கள். ஏ. பி. பாட்டுத் தேடி வாரக்கணக்கில் மலை மலையாய் அலைவார். லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் கூடப் போய் மெட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டில் பிள்ளைகளோடு சாரா. அவர் மனம் ஏ. பி.யின் உறவுக்காரர் கோய் பேஸிடம் போயிற்று. கோய் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போய்விட்டார்.

ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. பிரிந்த கணவன் மனைவி ஒரே மைக் முன் நின்று வருடக்கணக்கில் பாடினார்கள், ஒப்பந்தம் இருந்தது, பிழைப்பு இருந்தது. 1939-ல் ஒருநாள் சாரா அந்த மைக்கிலேயே ஒரு பாட்டைக் கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய்க்கு என்று சொல்லிப் பாடினார். அங்கே அவர் கேட்டார். கிளம்பி வந்தார். கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தப் பாட்டு ஒலித்தபோது ஏ. பி. அதே குழுவில் இருந்தவர்.

என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆள் அன்னிக்குச் சுதி விட்டிருப்பாரே" என்றார். ஆண்களுக்கு எதுதான் முதலில் தோன்றுகிறது பாருங்கள்.

12 ஜனவரி

சிலர் "அன்பால் ஜானியைப் போதையிலிருந்து மீட்டவள் ஜூன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். இப்போது அவ்வளவு சுத்தமாகத் தோன்றவில்லை.

மாத்திரைகளைப் பிடுங்கிக் கழிவறையில் கொட்டியது, மேபெலும் அவர் கணவரும் ஜானியின் ஹெண்டர்சன்வில் வீட்டிலேயே வந்து தங்கிப் பார்த்துக்கொண்டது எல்லாம் உண்மை. ஆனால் கதை 1968-ல் முடியவில்லை. 1983 கடைசியில் ஜானி பெட்டி ஃபோர்ட் போதை மீட்பு மையத்தில் சேர வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு தீக்கோழி! நகைச்சுவை இல்லை. தன் நிலத்தில் தீக்கோழி வளர்த்தார். குளிரில் பெட்டைக்கோழி செத்தது, சேவல் வெறியாகிவிட்டது. இவர் குச்சியோடு விரட்டப் போக, அது வயிற்றில் உதைத்தது. பெல்ட் பக்கிள் குறுக்கே இருந்ததால் குடல் தப்பியது, விலா எலும்புகள் ஒடிந்தன. வலிமாத்திரை, அப்புறம் பழைய பழக்கம். பதினைந்து வருடம் கழித்தும் அந்த அம்மாவுக்கு அதே காவல் வேலை.

இன்னொரு பெண்ணும் இருக்கிறார். விவியன். ஜானியின் முதல் மனைவி, நான்கு பெண்களின் தாய், 1954-ல் கல்யாணம். கணவர் ஊர் ஊராகப் பாட, மனைவி கலிஃபோர்னியா வீட்டில் பிள்ளைகளோடு. மேடை ஜோடியை மட்டும் பார்க்கிற நமக்கு அவர் தெரிவதில்லை. கச்சேரி வேன் புறப்படும்போது வாசலில் நிற்கிறவர்கள் கணக்கில் வருவதே இல்லை. எங்கள் டிரம்மர் மனைவியை நான் இத்தனை வருடத்தில் நாலு முறை பார்த்திருப்பேன்.

13 ஜனவரி

ரிங் ஆஃப் ஃபயர் பாட்டைக் கேட்டவருக்கு: எழுதியவர்கள் என்று இருப்பது ஜூன், மெர்ல் கில்கோர் பெயர்கள். முதலில் பாடியவர் தங்கை அனிட்டா. அது பெரிதாகப் போகவில்லை. 1963-ல் ஜானி எடுத்து, மெக்சிகோ பாணியில் டிரம்பெட் சேர்த்தார். கனவில் அந்த டிரம்பெட்டைக் கேட்டதாக அவர் சொன்னதுண்டு. கன்ட்ரி வரிசையில் ஏழு வாரம் முதலிடம். விவியன் தன் நூலில் இதை ஜூன் எழுதவே இல்லை, ஜானி எழுதிவிட்டுப் பெயரைக் கொடுத்தார் என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விரும்பக் கூடாத ஒருவரை விரும்பித் தொலைத்தவர் எழுதுகிற வரிகள் அவை, 1962-ல் ஜானியின் கச்சேரிப் பயண வண்டியில் ஏறிய ஜூன்தான் அந்த இடத்தில் இருந்தவர். ஆனால் விவியன் ஏன் அப்படி எழுதினார் என்பதும் புரிகிறது. அந்த நெருப்பு யார் வீட்டைச் சுட்டது?

மெர்ல் கில்கோர்தான் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். இது சும்மா.

13 ஜனவரி, இரவு

"நல்ல பாடகி என்றால் தனி ஆல்பம் எத்தனை?" என்று கேள்வி. குத்திக் கேட்கிறீர்கள், சரி. 1975-ல் ஒன்று. அடுத்தது 1999-ல், பிரஸ் ஆன் என்று. நடுவில் 24 வருடம். எங்கே போயிற்று? ஜானியின் கச்சேரியில், ஜானியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஜமைக்கா வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளைகளுக்குப் பின்னால்.

1999 ஆல்பத்தில் ரிங் ஆஃப் ஃபயர் இருக்கிறது. டிரம்பெட் இல்லை. எழுபது வயதுக் குரல், மலைநாட்டு வாத்தியங்கள். பெருமை இல்லாத, கொஞ்சம் பயந்த பாட்டு அது. மரபு நாட்டுப்புற இசைப் பிரிவில் கிராமி கிடைத்தது. அதில் ஜூன் வாசிக்கிற ஆட்டோஹார்ப் என்ற வாத்தியம் தெரியாதவர்களுக்கு: நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பொத்தானை அழுத்தி, விரலால் தந்திகளை வாரிவிடுவது. அழுத்தின பொத்தானுக்கு வேண்டாத தந்திகளின் வாயையெல்லாம் ஒரு மெத்துத் துண்டு மூடிவிடும். எனக்கும் வீட்டில் சில நேரம் அப்படி ஒரு பொத்தான் தேவைப்படுகிறது.

17 ஜனவரி

கடைசி வருடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

2003 மே 15, இதய வால்வு அறுவைக்குப் பின் ஜூன் போனார், வயது 73. ஜானி அப்போதே சக்கர நாற்காலியில், கண்பார்வை மங்கி. அவரும் செப்டம்பர் 12-ல். நாலு மாதம்கூட இல்லை.

நடுவில் ஜூலை 5-ல் ஒரு கச்சேரி. இடம் ஹில்டன்ஸ், வர்ஜீனியா, கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட். ஏ. பி.யின் பழைய மளிகைக் கடை பக்கத்தில், அவர் மகள் ஜேனட் நடத்திய கொட்டகை. அங்கே மின்சார வாத்தியத்துக்கு அனுமதி கிடையாது. ஜானிக்கு மட்டும் விதிவிலக்கு, மாப்பிள்ளை மரியாதை. கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜூனின் ஆவி இன்று என்மேல் நிழலாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு சின்னக் குறிப்பைப் படித்தார். அப்புறம் ஜூன் எழுதிய நெருப்புப் பாட்டைப் பாடினார். அவருடைய கடைசிக் கச்சேரி அதுதான்.

அந்தக் காட்சியை நான் முழுதாகப் பார்க்கவில்லை. இரண்டு முறை போட்டு, இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். மூச்சு எடுக்கிற இடங்கள் தப்புகின்றன. பாடுகிறவர்களுக்கு அது தெரியும், கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

17 ஜனவரி, இரவு

முதல் கேள்விக்காரர் "சரி, ஜோடி என்று ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர்தான் பெரியவர்" என்று எழுதியிருக்கிறார். பாட்டில் அவர் பெரியவர்தான். நானும் மறுக்கவில்லையே. 1962 முதல் நாற்பது வருடம் அந்த மேடை கூட்டத்தோடு பேசியதே, அதைச் சொல்கிறேன். கறுப்பு உடையில் உம்மென்று நிற்கிற ஆளைப் பார்த்து ஜனம் பயப்படாமல் சிரித்தது யாரால்?

20 ஜனவரி

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டார். இரண்டு திருத்தம் சொல்கிறார்.

ஒன்று, அந்தக் கோயில் கொடை 1998 இல்லை, 1999. மூத்தவனுக்கு அப்போது ஏழு மாதம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் பாயில் படுக்கவைத்திருந்தோம் என்று அடையாளம் சொல்கிறார். அது சரி.

இரண்டு, செத்தது அவர் மைக் இல்லையாம், என்னுடையதாம். நான் ஜோக் அடித்தது அவர் மைக்கில்தானாம், அவர் அதை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாராம். மீதிப் பாட்டு முழுக்க ஒரே மைக்கில் பாடினோமாம்.

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. அன்று ரிதம் பேட் வாசித்த தம்பி இப்போது ஊரில்தான் இருக்கிறான். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.